கமலநாதன் நாளைக்குப் பேசணும்

ஐயோ, ஃபார்மட் மட்டும் பண்ணிராதீங்க தம்பி. மத்தது என்னா வேணும்னாலும் பண்ணுங்க, அது மட்டும் வேணாம். முன்னாடி போன ரெண்டு கடையிலயும் இதையேதான் சொன்னாங்க. சுத்தமா தொடச்சிட்டுப் புதுசா போட்டுத் தர்றோம் ஆன்ட்டி, ஜம்முன்னு ஓடும்னு. புதுசு யாருக்குலா வேணும்? இதுக்குள்ள எங்க வீட்டுக்காரரோட கண்ணு இருக்கு.

ஆமா, கண்ணுதான். அவரு எங்க பாத்தா எந்த எழுத்துன்னு இது படிச்சி வச்சிருக்கு. கீழ கறுப்பா ஒரு பட்ட ஒட்டியிருக்கு பாருங்க, அதான் காமிரா. அது அவரு கண்ண பாக்கும், அவரு திரைய பாப்பாரு. அழிச்சிட்டா முதல்லேர்ந்து படிக்க வைக்கணும். ஒரு புள்ளி திரையில அங்கயும் இங்கயும் ஓடும், அது பின்னாடியே கண்ண ஓட்டணும். அன்னிக்கு முடிஞ்சிச்சி, ஓட்டுனாரு. இப்ப ரெண்டு புள்ளிக்கே கண்ணு சொருகிரும்.

இருங்க, நான் மொதல்லேர்ந்து சொல்லிர்றேன். இல்லன்னா நீங்களும் பாதியில ஃபார்மட்டுன்னு வருவீங்க. எங்க வீட்டுக்காரரு பேரு கமலநாதன். அவருக்கு வாயி போயிருச்சி தம்பி. கை காலும் போயிருச்சி. இந்த லேப்டாப்புலதான் பேசுறாரு. நாளைக்குக் காலையில டாக்டர் வீட்டுக்கு வர்றாங்க. அவங்க ஒன்னு கேக்கணும், இவரு அதுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லணும். இது ஓடலன்னா அவரால சொல்ல முடியாது. அவ்ளதான் விசயம். அதுக்குத்தான் பண்டார் தெங்காராவுலேர்ந்து குளுவாங்குக்கு இத மடியில வச்சிக்கிட்டு பஸ்ல வந்துருக்கேன், கொழந்தைய தூக்கிட்டு வர்ற மாதிரி.

கோப்பியெல்லாம் வேணாம் தம்பி. நீங்க கைய எடுக்காம பாருங்க, அது போதும். பேரு என்னா சொன்னீங்க? டாரிலா? சரி.

என்னா ஆச்சின்னா... அலமாக், அத சொல்லத்தான் வெக்கமா இருக்கு. எல்லாரு கிட்டயும் சொல்லியாச்சி, உங்க கிட்ட சொல்றதுக்கு என்னா. நான் ஜொகூர் பாருவுல ஓட்டல்ல வேல செஞ்சவ. ஹவுஸ்கீப்பிங். கடைசியில சூப்பர்வைசரா இருந்தேன். எங்க வேலையில ஒரு ரூமுக்கு தண்ணி கொதிக்க வைக்கிற கெத்தில் ஒன்னு, ரெண்டு கிளாசு, இத்தன டவலுன்னு கணக்கு. ஒரு பொண்ணு தெரியாம ரெண்டு கெத்தில் வச்சிட்டா, நான் கதவத் தொறந்த ஒடனே கண்ணுல படும். தூக்கி ஸ்டோர்ல போட்டாத்தான் எனக்கு மூச்சே வரும். அந்தப் பழக்கம் வீட்டுலயும் விடல. இவரு கிண்டல் பண்ணுவாரு, என் பொண்டாட்டி நான் ரெண்டு பேரா நின்னா ஒருத்தன வெளிய போட்ருவான்னு.

இந்த லேப்டாப்பு கொஞ்ச நாளா நத்த மாதிரி ஆயிருச்சி. அவரு ஒரு எழுத்தப் பாப்பாரு, அது வராது. கண்ண எடுக்காம பாத்துக்கிட்டே இருப்பாரு, கண்ணுல தண்ணி ஊத்தும். எனக்குப் பொறுக்கல. என்னாதான் அடச்சிக்கிட்டு இருக்குன்னு புரோகிராம் லிஸ்ட்ட தொறந்து பாத்தேன். பாத்தா, ஒரே பேரு! விஷுவல் சி பிளஸ் பிளஸ், விஷுவல் சி பிளஸ் பிளஸ்னு வரிசையா நிக்கிது. வருசந்தான் வேற வேற. இருக்குறதுலயே புதுசு எதுவோ அத வச்சிட்டு மிச்சத்தயெல்லாம் தூக்கிட்டேன். ஒவ்வொன்னா அன்இன்ஸ்டால். ஏழு கெத்தில் இருந்தா நான் வேற என்னா பண்ணுவேன், சொல்லுங்க?

சிரிங்க, சிரிங்க. நானும் அன்னிக்கு சிரிச்சிக்கிட்டுத்தான் போய்ப் படுத்தேன். எவ்ளோ எடம் காலியாச்சின்னு.

மறுநாள் காலையில அவருக்கு மொகம் தொடச்சி, தலைய நிமித்தி, தலகாணி சொருகி, இத அவரு முன்னாடி வச்சித் தட்டுனா, சின்னதா ஒரு பெட்டி வருது. டி.எல்.எல்னு என்னமோ ஒரு ஃபைலாம், அத காணோமாம். கீழ ஓகேன்னு ஒரு பட்டன். என்னா ஓகே? வேற பட்டனே இல்ல தம்பி. காணோம்னு சொல்லிட்டு, ஓகேயான்னு கேக்குது. நான் அமுக்குனேன். பெட்டி போச்சி, புரோகிராமும் போச்சி. மறுபடியும் தட்டுனேன். மறுபடியும் ஓகே. அவரு என்னயவே பாத்துக்கிட்டு இருக்காரு.

திரும்ப இன்ஸ்டால் பண்ணிப் பாருன்னு அந்தப் பெட்டியிலயே போட்டுருந்துச்சி. பண்ணேன். அதே பெட்டி. போட்டுக் குடுத்தது ஒரு சீனப் பையன், நோயாளிங்களுக்கு ஒதவி பண்றவங்க அனுப்புன பையன். தங்கமான பையன். இப்ப வெளிநாடு போய்ட்டானாம். அவன் நம்பருக்கு அடிச்சா ஒரு பொண்ணு மலாய்ல மன்னிப்பு கேட்டுட்டு வச்சிருது.

அப்புறந்தான் எதுத்த வீட்டு சுகுமாறன் வந்தான். கெலாங் பாத்தா பக்கம் ஃபேக்டரியில ஷிப்ட்டு வேல, கம்பியூட்டர் தெரியும்னு சொல்லிக்குவான். அக்கா, அந்தக் காணாமப்போன ஃபைல இன்டர்நெட்டுலேர்ந்து எடுத்து உள்ள போட்டுட்டாப் போதும்னான். போட்டான். ஒடனே அது இன்னொன்னக் கேட்டுச்சி. அதையும் எடுத்துப் போட்டான். மூனாவதா ஒன்னக் கேட்டுச்சி. அதையும் போட்டப்புறம் பேரு சொல்றதயே விட்டுருச்சி, வெறும் நம்பரா காட்டுச்சி. பூச்சியம், எக்ஸ், நடுவுல சி, என்னமோ. கூடவே எங்கேர்ந்தோ திரையில ஒரு சூதாட்ட வெளம்பரக்காரி வந்துட்டா. மூலையில நின்னு ஆடுறா, சீட்டக் காட்டுறா, வா வான்னு கூப்புடுறா. மூடுனா மறுபடியும் வர்றா. படுத்த படுக்கையா கெடக்குற மனுசன் மூஞ்சிக்கு நேரா! நான் சுகுமாறன வாய்க்கு வந்தபடி திட்டுறேன், திரும்பிப் பாத்தா இவரு சிரிக்கிறாரு. சிரிப்புன்னா சத்தமெல்லாம் வராது. கன்னத்துல இந்த எடத்துல ஒரு இழுப்பு, அவ்ளதான். எனக்குத் தெரியும்.

ஆ, அவள மொதல்ல நீங்க எடுத்துட்டீங்களா? நல்ல வேல பண்ணீங்க. அவன் போட்டதயும் எடுத்துருங்க. ஆமா, எல்லாத்தயும்.

என்னா சொன்னீங்க? மெதுவா சொல்லுங்க, எனக்குப் புரியணும். ஒரே பேருன்னாலும் ஒன்னு இல்லயா? ம்ம். புரோகிராம எந்த வருசத்துல செஞ்சாங்களோ, அந்த வருசத்து சாமான்தான் அது கேக்கும். புதுச வச்சாலும் பழசு செய்யிற வேலய அது செய்யாது. ரன்டைம். ம். அப்ப அது கெத்தில் இல்ல. ஒவ்வொரு ரூமுக்கும் ஒவ்வொரு சாவி மாதிரி. பாக்க எல்லாம் ஒரே சாவி மாதிரிதான் இருக்கும். நான் சாவியெல்லாம் வாரிக் குப்பையில போட்டுருக்கேன். இத ஒருத்தரும் எனக்கு இப்பிடி சொல்லல தம்பி. அந்த ரெண்டு கடையிலயும் பெட்டியப் பாத்த ஒடனே தலைய ஆட்டிட்டாங்க.

இதுலயும் ரெண்டு வகையா? முப்பத்திரெண்டு, அறுபத்துநாலு? லேப்டாப்பு பெரிய நம்பரு, புரோகிராம் சின்ன நம்பரு. ஆனாலும் ரெண்டயும் போடணும். போடுங்க, போடுங்க. இனிமே நான் எதையும் தூக்க மாட்டேன். வீட்டுல ஏழு கெத்தில் இருந்தாலும் தூக்க மாட்டேன்.

அவரா? ஸ்கூல் பஸ் ஓட்டுனாரு. பண்டார் தெங்காராவுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, ஸ்கூல் பஸ் கமலநாதன்னு. வாயி மூடாது. பிள்ளைங்கள ஏத்தும்போது ஒரு பேச்சு, எறக்கும்போது ஒரு பேச்சு. எண்ணெய்ப்பனை ஏத்திப் போற லோரிக்காரன் முந்துனா, அவன் காதுக்குக் கேக்கவா போவுது, இருந்தாலும் அவன் பரம்பரையையே கூப்புட்டு விசாரிப்பாரு. பின்னாடி பிள்ளைங்க கைதட்டும். மொதல்ல கையிலேர்ந்து சாவி நழுவுச்சி. அப்புறம் கிளட்ச்ச மிதிக்க கால் வரல. நாங்க சுகர்னு நெனச்சோம். அப்புறம் பேச்சு கொழறுச்சி, தெரியாதவங்க குடிச்சிருக்காருன்னு நெனச்சாங்க. பெரிய ஆஸ்பத்திரியில பாத்துட்டு நரம்பு நோவுன்னு சொன்னாங்க. மருந்து உண்டான்னு கேட்டேன். அந்த டாக்டர் தண்ணி குடிக்கிறீங்களாம்மான்னு கேட்டாரு. அப்பவே புரிஞ்சிருச்சி.

இந்த மிஷின் வந்தன்னிக்கு வீட்டுல ஒரே கூத்து. இதுல இருக்குற தமிழ்க் கொரலு எங்கயோ இந்தியாவுல பண்ணதாம். நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசும். அவரு என்னய ஏய் புஷ்பான்னுதான் கூப்புடுவாரு, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. அன்னிக்கு அரமணி நேரம் எழுத்து எழுத்தா பாத்து ஒன்னு சேத்தாரு. நாங்கல்லாம் மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிறோம். மிஷின் சொல்லுது: புஷ்பவள்ளி, உன் சாம்பாரில் இன்றும் உப்பு இல்லை. நாட்டுக்கு அறிவிப்பு குடுக்குற மாதிரி! ராசம்மா அக்கா, அதான் அவரோட அக்கா, சுவத்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சாங்க. நான் சிரிச்சிக்கிட்டே போயி குசினியில அடுப்பு பக்கத்துல நின்னு அழுதேன். அப்ப வாயில சாப்புட்டாரு. இப்ப வயித்துல குழாயி, பாலு மாதிரி ஒன்னு ஊத்துறோம். உப்புப் பேச்செல்லாம் முடிஞ்சி போச்சி.

இது நின்ன நாள்லேர்ந்து வீடு வீடா இல்ல தம்பி. அட்டையில எழுத்து எழுதி வச்சிக் கேட்டோம். இங்கிலீஸ்காரனுக்கு நல்லது, கொஞ்ச எழுத்தோட முடிச்சிக்கிட்டான். நமக்கு க, கா, கி, கீன்னு போயி ம வரிசைக்கு வந்து சேர்றதுக்குள்ள அவருக்குக் கண்ணு மூடிருது. எது வேணும்னு கேட்டா ஆமாங்குறதுக்கு ஒரு தடவ கண்ணடிப்பாரு, இல்லன்னா ரெண்டு தடவ. இப்ப அதுவும் போச்சி. எமை தானா துடிக்கிது. ஆமாவா, துடிப்பான்னு தெரியல. நேத்து என்னமோ சொல்லப் பாத்தாரு. ஒதட்டுல தண்ணி தொட்டு வைக்கவா? பொரட்டிப் படுக்க வைக்கவா? கொசுவா? ஃபேன கொறைக்கவா? ஒவ்வொன்னா கேட்டுக் கேட்டு நான் கத்திட்டேன். அவரு கிட்ட கத்திட்டேன் தம்பி. கடைசியில பாத்தா அவரு காலு கட்டில் கம்பியில மாட்டிக் கெடக்குது. செவந்து போயி. எவ்ளோ நேரமா கெடந்துச்சோ.

இல்ல இல்ல, ஒன்னுமில்ல. நீங்க பாருங்க.

ரீஸ்டார்ட்டா? பண்ணுங்க.

என்னா, மறுபடியும் பெட்டியா? இது வேற பெட்டியா? இது என்னா கேக்குது? நெட் ஃபிரேம்வொர்க். அதையும் நான்தான் தூக்குனேனா? இருக்கும். இருக்கும் தம்பி. அன்னிக்கு நான் எத விட்டேன், எதத் தூக்குனேன்னு எனக்கே தெரியல. இன்டர்நெட்டுலேர்ந்து எறங்கணுமா... இந்தக் கோடு நகர்ற வேகத்தப் பாத்தா நான் கடைசி பஸ்ஸ விட்டுருவேன் போல. பரவால்ல. சுகுமாறன காடி எடுத்துட்டு வரச் சொல்றேன், அவன் பண்ணதுக்கு அதாவது பண்ணட்டும்.

ஒன்ன வச்சா இன்னொன்னு கேக்குது பாருங்க. வீட்டுலயும் இப்பிடித்தான். நடக்க முடியலன்னதும் வீல்ச்சேர் வந்துச்சி. அதுல ஒழுங்கா ஒக்கார வச்சோம், முழுங்க முடியல. வயித்துல குழாயி வந்துச்சி. அத நான் கத்துக்கிட்டேன், கழுவுறது, அடைக்கிறது, எல்லாம். இப்பதான் ஒரு மாதிரி ஓடுதுன்னு நெனச்சேன், மூச்சு கேக்குது. அடுத்தது மூச்சு.

ஆமா, அதப் பத்தித்தான் டாக்டர் கேக்கணும். ஷர்மினின்னு பேரு, நம்ம தமிழ்ப் பொண்ணுதான், சின்ன வயசு. வீட்டுக்கே வந்து பாப்பாங்க. மூச்சு ரொம்பக் கொறஞ்சி போச்சாம். தொண்டையில ஓட்ட போட்டுக் குழாயி வச்சா மிஷின் மூச்சு விடும். கொஞ்ச காலம் ஓட்டலாம். அது வருசமாக்கூட இருக்கலாம், சொல்ல முடியாதாம். ஆனா அதுக்கப்புறம் அந்தக் குழாய எடுக்க முடியாது. கண்ணும் ஒரு நாள் நின்னுரும். உள்ள முழிச்சிக்கிட்டு இருப்பாரு, சொல்ல ஒரு வழியும் இருக்காது. வைக்கலன்னா... வைக்கலன்னா அவங்க வலி இல்லாம பாத்துக்குவாங்களாம். எவ்ளோ நாளைக்குன்னு நான் கேக்கல.

போன தடவ வந்தப்பவே கேட்டாங்க. அப்பவே இது ஓடல. கட்டில் பக்கத்துல குனிஞ்சி, அங்கிள், குழாய் வச்சிக்கிறீங்களான்னு கேட்டாங்க. இவரு கண்ண மூடிக்கிட்டாரு. இறுக்கி மூடிக்கிட்டாரு. டாக்டர் என்னயப் பாத்தாங்க. நான், அவரு அசந்துட்டாரு டாக்டர், காலையிலேர்ந்து தூங்கலன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு நிமிந்து நின்னுச்சி. அப்புறம் சொன்னுச்சி, ஆன்ட்டி, எமையப் பாத்து நான் இத முடிவு பண்ண முடியாது. மிஷின சரி பண்ணுங்க, அவரு வார்த்தையில கேட்டுக்குறேன். சரியாகலன்னா அடுத்த தடவ நீங்கதான் சொல்லணும். இதுக்கு மேல தள்ளிப் போட முடியாதுன்னு.

அடுத்த தடவதான் நாளைக்கு.

பிள்ளைங்களா? ஒரே பொண்ணு, வலேரின்னு ஸ்டைலா பேரு வைக்கணும்னு அவருக்கு ஆச, எங்க மாமியாரு விடல. பிரேமலான்னு வச்சோம். சிங்கப்பூர்ல வேல. அவ ஃபோன்ல அழுவுறா, நீயே முடிவு பண்ணும்மாங்குறா. ராசம்மா அக்கா சாமி பாத்துக்கும்னு சொல்லிட்டு துன்னூறு பூசுறாங்க. இப்பக்கூட அவங்கதான் பக்கத்துல ஒக்காந்துருக்காங்க. ஆளாளுக்கு என்னயப் பாக்குறாங்க. அவரும் என்னயப் பாக்குறாரு.

முடிஞ்சிச்சா? கோடு முடிஞ்சிருச்சா? தட்டுங்க. இல்ல, நீங்களே தட்டுங்க, என் கையி ராசியில்லாத கையி.

வரும். கொஞ்ச நேரம் எடுக்கும், அது அப்பிடித்தான்.

பெட்டி வரலயே தம்பி.

வந்துருச்சி. அதான், அதேதான்! நீலமா, எழுத்தெல்லாம் பெருசு பெருசா. அவரு பேரு மேல வருதா? கண்ணு இருக்கா, அவரு கண்ணு, அதுக்குள்ள? ப்ரொஃபைல் அப்பிடியே இருக்கா... அப்பாடா. பேசுதா பாருங்க. ஏதாவது ஒன்னு. வணக்கம்னு போடுங்க, போதும்.

ஆ. அந்தக் கொரல்தான். அந்த நியூஸ்காரன்.

சந்தோசந்தான் தம்பி, ஏன் கேக்குறீங்க? மொகம் அப்பிடி இருக்கா? இருக்கும். நீங்க நல்லா இருக்கணும். மூனு கடையில நீங்கதான் ஃபார்மட் பண்ணாம சரி பண்ணீங்க.

அவரு என்னா சொல்லுவாருன்னா கேக்குறீங்க? வேணாம்னுதான் சொல்லுவாரு. அதுல என்னா சந்தேகம். தீவாளிக்கு முன்னாடியே எங்கிட்ட சொல்லிட்டாரு, இதுலதான். குழாய் வேண்டாம், புஷ்பவள்ளின்னு. நான் துணி மடிச்சிக்கிட்டு இருந்தேன். காதுல விழாத மாதிரி மடிச்சேன். திரும்ப ஒரு தடவ மிஷின சொல்ல வச்சாரு. எல்லாத் துணியும் மடிச்சி முடிச்சிட்டு, ம்னு சொன்னேன். வேற யாருக்கும் சொல்லல. டாக்டருக்கும் சொல்லல.

இது ஓடலன்னா நாளைக்கு அந்தப் பொண்ணு என்னயத்தானே கேக்கும். என்னயக் கேட்டா வைங்கன்னு சொல்லிருவேன் தம்பி. எனக்கு என்னயத் தெரியும். வாயத் தொறந்தா அதுதான் வரும். அதான் கடை கடையா ஏறி எறங்குனேன்.

சரி, இதுல சத்தம் எங்க கூட்டுறது? கொஞ்சம் கூட்டியே வைங்க. டாக்டர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிப்பாங்க.